சந்தேகத்தில் விளைந்த கோதுமை

என்னை அவர் நம்பாததற்கு முதல் காரணம் என் நடத்தையோ படிப்போ அல்ல, நான் பேசிய தமிழ். பாலக்காட்டுக்குக் கிழக்கே சிற்றூர் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரன் நான். எங்கள் பக்கம் எருமையை ஓட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் ஓட்டுவோம். வேளாண் அலுவலகத்தில் உதவியாளனாக மறையூருக்கு மேலே உள்ள அந்த மலைக் கிராமத்துக்குப் போன முதல் வாரம், அவர் வீட்டு முன்னால் நின்று, "ஏனுங்க அக்கா, ஊட்ல இருக்கீங்களா?" என்று கூப்பிட்டேன். கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு மரியாதையாப் பேசுற ஆளு எதையோ விக்க வந்திருக்கணும். எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்றார்.

விற்க வரவில்லை, இலவசமாகக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காதை மூடிக் கட்டிய மப்ளர், காலில் ரப்பர் பூட்ஸ். பூண்டு வியாபாரி தராசைத் தூக்கினால் முதலில் தன் இடுப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தட்டில் வைப்பார். அந்தக் கல்லின் எடை அவருக்குத் தெரியும், தராசு அதைச் சரியாகச் சொன்னால்தான் பூண்டு மூட்டை நகரும். மூணாறு பஸ்ஸில் பலகையைப் படித்துவிட்டு ஏறி, ஏறிய பிறகு கண்டக்டரிடம் கேட்டு, உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் அளந்து போட்டுவிட்டு, ஆறு அதைச் சரியாக வாங்கிக்கொண்டதா என்றும் எட்டிப் பார்ப்பவர்.

இப்படிப்பட்டவர் பிறகு ஏன் எங்கள் கோதுமைச் செயல்விளக்கத் திட்டத்தில் சேர்ந்தார் என்றால், அவருக்கு எங்கள் கோதுமை ஆலோசனை வேண்டாம், எங்கள் காகிதம் வேண்டும். மலைச்சரிவில் ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று தட்டு நிலம் இருந்தது. கணவர் இறந்து நாளாயிற்று. பத்திரம் கணவர் பேரிலும் அவர் தம்பி பேரிலும் சேர்ந்து கிடந்தது. அந்தக் கொழுந்தனாருக்கு உடுமலைப்பேட்டையில் டயர் கடை. இரண்டு வருஷமாகக் கோதுமை சரியாக வரவில்லை, இனி மூன்று தட்டிலும் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் நட்டுவிடலாம், நட்டால் பார்க்கவே வேண்டாம், வெட்டும்போது வந்தால் போதும் என்பது அவர் கணக்கு. கிராண்டிஸ் நட்ட பக்கத்துச் சரிவில் ஊற்று வற்றிப்போனதை இந்த அம்மாள் கண்ணால் பார்த்தவர். மரம் ஏறினால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் தானும் மலையிறங்க வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். கொழுந்தனார் ஒரே ஒரு போகம் தவணை கொடுத்திருந்தார். இந்த மண்ணில் கோதுமை வரும் என்று ஆபீஸ் எழுதிக் கொடுத்தால் நிலத்தை விட்டுவிடுகிறேன், வாய்ப்பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

அதனால்தான் தாழ்ப்பாள் திறந்தது. திறந்த பிறகு நான் பட்ட பாடு சொல்லி முடியாது.

மண் பரிசோதனைக்கு ஒரு பை மண் கேட்டேன். இரண்டு பை கொடுத்தார். ஒன்றில் தன் பேர், இன்னொன்றில் கொழுந்தனார் பேர். முடிவு வந்தபோது இரண்டு அட்டையிலும் ஒரே மாதிரி இருந்தது. மண் புளிப்பு, பயிருக்குக் கிடைக்கிற மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மிகக் குறைவு. இரண்டு பையிலும் ஒரே இடத்து மண்தான் போட்டேன் என்று அப்போதுதான் சொன்னார். சோதித்தவர்களையே சோதித்திருக்கிறார். பார்த்தீர்களா, இரண்டும் ஒத்துப்போகிறது, இப்போதாவது நம்புங்கள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கு சார். ஒண்ணைப் பாத்து இன்னொண்ணை எழுதியிருப்பாக."

ஒத்துப்போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம். அன்று ஜீப்பில் திரும்பி வரும்போது டிரைவரிடம் அவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினேன்.

இருந்தாலும் அவர் கேள்விகளில் ஒரு கூர்மை உண்டு, அதை மறைக்க முடியாது. அந்தச் செம்மண்ணில் மணிச்சத்து இல்லாமல் இல்லை. பூண்டுக்கும் உருளைக்கும் என்று வருஷக்கணக்காகக் கொட்டிய உரத்தில் பாதி மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, வேர் இழுத்தால் வருவதில்லை. தொழுவுரத்தில் பாறைப் பாஸ்பேட் பொடியைக் கலந்து குழியில் போட்டு மக்கவைத்து, அதோடு பாஸ்போபாக்டீரியா என்கிற நுண்ணுயிரைச் சேர்த்தால், அது மெல்ல மெல்ல அந்தச் சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுக்கும். இதை நான் அரைமணி நேரம் விளக்கினேன். சட்டியில் இருக்கிறது, அகப்பையில் வரவில்லை, அவ்வளவுதான் அக்கா என்று முடித்தேன்.

"சட்டியில இருந்தா அகப்பையில வரணும்ல? வரலைன்னா சட்டியில இல்லைன்னுதான நாங்க சொல்லுவோம்" என்றார். பிறகு நான் கொண்டுபோன நுண்ணுயிர்ப் பொட்டலத்தைப் பிரித்து, கருப்புப் பொடியை மூக்கருகே கொண்டுபோனார். "இது உசுரோட இருக்குங்கிறீக. உசுருன்னா எதையாச்சும் திங்கணும், எதுலயாச்சும் சாகணும். இது எதுல சாகும்?"

எத்தனையோ பேருக்கு அந்தப் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறேன். இப்படி யாரும் கேட்டதில்லை. வெயிலில் சாகும், சூட்டில் சாகும் என்று சொன்னேன். குழியில் உரம் மக்கும்போது உள்ளே சூடு ஏறும், அந்தச் சூடு தணிந்த பிறகுதான் பொடியைச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னேன். நான்தான் சொன்னேன், இதே வாயால்.

அவர் ஒரு கம்பியைக் குழியில் செருகி வைத்தார். தினமும் காலையில் உருவி, உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார். ஒருநாள் நான் போனபோது சூடு போய்விட்டது, பொடியைச் சேர்க்கலாம் என்றேன். அவர் கம்பியை என் கையில் கொடுத்து, எனக்கு இன்னும் சூடு தெரியுது, உங்க கை மரத்துப்போயிருக்கு என்றார். இன்னும் நாலு நாள் காத்திருந்துதான் சேர்த்தார்.

பொட்டலத்தின் மேல் எழுதியிருந்ததெல்லாம் மலையாளம். அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நான் படித்துச் சொன்னேன். குழியில் சேர்ப்பது மட்டும் போதாது, விதையிலும் பொடி ஒட்டினால்தான் முளைத்ததுமே வேரைப் பிடிக்கும், அதற்கு ஆறிய கஞ்சித் தண்ணீரில் கரைக்க வேண்டும். அடுத்த நாள் பஸ் கண்டக்டரிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்து அங்கன்வாடி டீச்சரிடம். மூன்று பேரும் ஆறிய கஞ்சி என்றே சொன்னோம். பிறகு என்னைக் கண்டபோது, மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டீகளா என்று கேட்டார். அதைச் சிரிக்காமல் கேட்டார்.

விதைப்பு நாளைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

கார்த்திகை மாதக் குளிர். எங்கள் அதிகாரி மேடம் படம் எடுக்கப் பேனரோடு வருவதாக இருந்தார். எனக்கு ஒரு புத்தி தோன்றியது. கஞ்சிக்குப் பதிலாக மறையூர் வெல்லத்தில் விதைநேர்த்தி செய்தால், படத்தோடு செய்தியும் நன்றாக வரும். வெல்லக் கரைசலும் ஒட்டும், நுண்ணுயிருக்கு அது தீனியும்கூட. இதுவரை தப்பில்லை. ஆனால் நான் வெல்லம் வாங்கிக் கரைக்கவில்லை. வழியில் கரும்பு ஆலையில் ஜீப்பை நிறுத்தி, கொப்பரையில் கொதித்துக்கொண்டிருந்த பாகையே தூக்குவாளியில் ஊற்றி வாங்கிக்கொண்டேன். அந்தப் பள்ளத்தாக்கில் ஆலைப் பக்கம் போனவனுக்குப் பாகு ஊற்றிக் கொடுப்பது வழக்கம். நல்ல காரியத்துக்குப் போகிறேன் என்றால் கூடவே ஒரு கரண்டி விழும். அதை யாரும் சந்தேகிப்பதில்லை. மூடி போட்ட வாளியில், மேலே போய்ச் சேரும்வரை அது சூட்டை விடவே இல்லை.

அவர் முதல்நாள் மாலையே வடித்து ஆறவைத்த கஞ்சியைச் சட்டியில் வைத்திருந்தார். அது இருக்கட்டுங்க, இது விசேஷமுங்க என்று ஒதுக்கி வைத்தேன். பாகில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பொட்டலங்களைக் கொட்டிக் கலக்கினேன். அவர் குனிந்து ஒரு விரலை உள்ளே விட்டார்.

"சூடு இருக்கே சார்."

"வெதுவெதுப்புத் தானுங்க அக்கா. இந்தக் குளிருக்கு விதைக்கும் நல்லாத்தான் இருக்குமுங்க."

மேடம் வந்துவிட்டார், படம் எடுத்தாயிற்று. கீழ்த்தட்டிலும் நடுத்தட்டிலும் குழி உரத்தைத் தூவி, பாகு பூசிய விதையை விதைத்தோம். மேல்தட்டில் ஒன்றும் போடாமல் வெறும் விதை மட்டும், அதை மறுநாள் அவரே விதைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒப்பிட்டுக் காட்டுவதற்காக அப்படி விடுவது வழக்கம். எல்லாம் முடிந்து காலிப் பொட்டலங்களைப் பொறுக்கியபோது ஒன்று குறைந்தது. அவர் முந்தானையைச் சுருட்டி மடியில் எதையோ செருகுவதை முன்பே கண்டிருந்தேன். ஓகோ என்று நினைத்துக்கொண்டேன். ஊரையே சந்தேகப்படுகிற அம்மாள் அரசாங்கப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு போகிறார் என்று அன்று எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம்கூட இருந்தது.

மூன்றாம் நாளிலிருந்து எறும்பு. கெட்டிப் பாகு பூசிய விதையை விடுமா? வரிசை வரிசையாக வந்து இழுத்துப் போயின. தப்பியது முளைத்தது. ஒன்றரை மாதத்தில் போய்ப் பார்த்தால், கீழ்த்தட்டும் நடுத்தட்டும் சொட்டை சொட்டையாகக் கிடந்தன. நின்ற பயிரும் நோஞ்சானாக, இலை நுனி செவ்வூதாவாக, தூர் கட்டாமல் நின்றது. மணிச்சத்து ஏறவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். குழி உரத்தின் தயவில் ஏதோ உயிர் பிடித்திருந்தது. நிமிர்ந்து மேலே பார்த்தேன். ஒன்றுமே போடாத மேல்தட்டில் கோதுமை கருகருவென்று, தூர் வெடித்து, முழங்காலைத் தாண்டி நின்றது.

கோபம் வந்தவனுக்குப் பாதிதான் தெரியும். மேல்தட்டில் ஒரு பாதி மட்டும்தான் அப்படி நின்றது, மறுபாதி கீழே இருந்ததைவிட மோசம் என்பதை நான் பார்க்கவே இல்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. என்னை அவமானப்படுத்த இந்த அம்மாள் மேல்தட்டில் திருட்டுத்தனமாகக் கடை உரம் போட்டிருக்கிறார். அவர் வீட்டில் இல்லை. மாட்டுக் கொட்டகைப் பின்னால் போய்ப் பார்த்தேன். நினைத்தபடியே ஒரு உரச் சாக்கு கிடந்தது, உள்ளே வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. போனில் படம் பிடித்தேன். அங்கேயே நின்று, பயனாளி விதியை மீறி ரசாயன உரம் இட்டிருப்பதால் இந்தச் செயல்விளக்கம் நம்பத்தக்கதல்ல என்று ஒரு அறிக்கை எழுதி, படத்தோடு மேலே அனுப்பிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு மாதம் அவர் என்னைச் சந்தேகப்பட்டதற்கு ஒரே நாளில் ஈடு கட்டிவிட்டதாக எனக்கு இருந்தது. மலையிறங்கும்போது பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். அதற்கு முன் அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. கொழுந்தனார் வந்திருக்காரு, நீங்க வரணும் என்றார். போனால், பாதையோரம் ஒரு ஜீப் நின்றது. பின்னால் முழுக்கக் கிராண்டிஸ் கன்றுகள், சின்னச் சின்னப் பைகளில். கொழுந்தனார் வரப்பில் நின்று கீழ்த்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சார், ரெண்டு வருஷம் பாத்தாச்சு, இது மூணாவது, மதினிக்காக எத்தனை நாள் பொறுக்கிறது என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

அந்த அம்மாள் கீழ்த்தட்டில் இறங்கி ஒரு பயிரை வேரோடு பிடுங்கினார். மேல்தட்டுக்கு ஏறி, பச்சையாக நின்ற பாதியில் ஒன்று, வெளிறி நின்ற பாதியில் ஒன்று. அப்போதுதான் எனக்கு அந்த மறுபாதி கண்ணில் பட்டது. மூன்றையும் வரப்பில் வரிசையாகக் கிடத்தினார். நடுவில் இருந்ததன் வேர் மட்டும் மண்ணை அள்ளிப் பிடித்துக்கொண்டு, பொசுபொசுவென்று இருந்தது.

"தம்பி, நல்லாப் பாத்துக்கோங்க. இந்த ஓரத்துல இருக்கிறது சார் சூடா ஊத்திப் போட்டது. இது ஒண்ணுமே போடாதது. நடுவுல இருக்கிறது, இதே குழி உரத்தைத் தூவி, ஒரு பொட்டலத்தை ஆறின கஞ்சியில கலந்து விதையில பூசி நான் போட்டது. அரைத் தட்டு மட்டும் போட்டேன். மண்ணு ஒண்ணுதான், விதை ஒண்ணுதான்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேன்ல? சூடு இருக்கேன்னு சொன்னேன். விரல் சுட்டுச்சு சார். சூட்டுல சாகும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீக. ஆனா நீங்க படிச்சவுக, பெரிய மேடம் வேற நிக்கிறாக, ஒருவேளை பாகுச் சூடு ஆகுமோ என்னமோன்னு ரெண்டு தட்டை உங்கள நம்பி விட்டுட்டேன். அரைத் தட்டுதான் நம்பாம வச்சுக்கிட்டது."

இரண்டு தட்டு. தராசை நம்பாதவர், பஸ் பலகையை நம்பாதவர், நிலமே கைவிட்டுப் போகிற வருஷத்தில் என்னை நம்பி இரண்டு தட்டை விட்டிருக்கிறார். நான் அவரை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அங்கே நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மதினி சொல்வது நிஜமா என்று கொழுந்தனார் என்னைப் பார்த்துக் கேட்டார். நிஜமுங்க, பாகைச் சூடாக ஊற்றியது என் தப்புங்க, மண்மேல் தப்பில்லீங்க, நடுவில் இருக்கிற பயிரைப் பாருங்க என்றேன். அவர் அந்த வேரைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, வாயில சொன்னா எப்படி சார், ஆபீஸ் எழுத்துல அப்படி வரட்டும், இன்னொரு போகம் பாக்கலாம் என்றார். அவ்வளவு தூரம் இறங்கி வருவார் என்று நானே நினைக்கவில்லை.

ஆபீஸ் எழுத்து ஏற்கனவே போய்விட்டது. அதில் வேறு மாதிரி இருக்கிறது. ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்று, கொட்டகைப் பின்னால் ஒரு உரச் சாக்குக் கிடக்கிறதே, அது எதற்குங்க அக்கா என்று மெல்லக் கேட்டேன்.

"அது பூண்டுத் தோட்டத்துக்காரர்ட்ட வாங்கின பழைய சாக்கு. குழி உரத்தை மேல்தட்டுக்குச் சுமந்துக்கிட்டுப் போக" என்றவர் நிறுத்தினார். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். பூண்டு வியாபாரியைப் பார்க்கிற அதே பார்வை. "சாக்கை நீங்க எப்பப் பாத்தீக? இத்தனை பேர் முன்னால ஒருத்தன் தானா வந்து தப்பை ஒத்துக்கிடுறான்னா, அதுக்குப் பின்னால இதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கணும். அது என்ன சார்?"

ஒன்றுமில்லைங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பேன். அறிக்கை ஒரு மாதத்தில் கொழுந்தனார் கைக்கு வந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என்னால் மறைக்க முடியவில்லை. நீங்க ரசாயன உரம் போட்டு ஏமாத்திட்டீங்கன்னு மேல எழுதி அனுப்பிட்டேனுங்க அக்கா, உங்களைக் கேக்காமலே அனுப்பிட்டேனுங்க என்று சொல்லிவிட்டேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மப்ளரை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

"நீங்க இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து சொன்னதுல, இப்பச் சொன்னீக பாருங்க, இது ஒண்ணத்தான் முழுசா நம்புறேன்" என்றார். "பேனா வச்சிருக்கீகளா?"

வைத்திருந்தேன். வரப்பிலேயே உட்கார்ந்து எழுதினேன். பாகை யார் ஊற்றினார்கள், சூடு இருக்கிறது என்று யார் சொன்னார்கள், யார் கேட்கவில்லை, சாக்கில் என்ன இருந்தது, அரைத் தட்டில் எது விளைந்தது, எல்லாம். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கொழுந்தனாரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவரும் போட்டார். அந்தக் காகிதத்துக்காக எனக்கு மெமோ வந்தது, வேனிலுக்குள் சிற்றூர்ப் பக்கமே மாற்றலும் வந்தது. அதெல்லாம் நியாயம்தான்.

எழுதிய அன்று சாயங்காலமே கொழுந்தனாரின் ஜீப் ஒரு கன்றைக்கூட இறக்காமல் மலையிறங்கிப் போனது.